வெள்ளை மா

புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்கு இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டார்கள். இரண்டு வார்த்தையோடு நிற்கிற வாய் என்னுடையது இல்லை என்பது கேட்டவர்களுக்கும் தெரியும். றப்பரோடு எந்தப் பொடியை எத்தனை பங்கு கலப்பது, அச்சை எவ்வளவு சூட்டில் வைப்பது என்பதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது. வாசிக்கத் தெரிந்த உங்களுக்கு அதை நான் வாசித்துக் காட்டத் தேவையில்லை. சுவரில் எழுதாத ஒரு சங்கதியைச் சொல்கிறேன். நடந்து அதிக காலம் ஆகவில்லை, நான் இந்தப் பட்டறையிலிருந்து ஓய்வு பெறுவதற்கு முந்திய ஆனி மாதம் நடந்தது. இதில் வருகிறவர்கள் இப்போதும் உங்களோடுதான் நிற்கிறார்கள், ஆகையால் எனக்குக் கூட்டிக் குறைத்துச் சொல்லவும் வழியில்லை.

நம்முடைய வேலை றப்பருக்குள் பொடி கலக்கிற வேலை. தனி றப்பரை இழுத்தால் இழுபடும், தேய்த்தால் தேய்ந்துபோகும். எதையாவது கலந்தால்தான் அது ஒரு சாமானாகும். கறுப்பு மூட்டையில் இருப்பது காபன் கறுப்பு, எண்ணெயை எரித்து எடுக்கிற கரி. உங்களில் சிலர் அந்த மூலைக்குப் போகச் சொன்னாலே முகத்தைச் சுளிக்கிறீர்கள், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கையில் பிரண்டால் எத்தனை தரம் சவர்க்காரம் போட்டாலும் நகக்கண்ணில் நிற்கும், உண்மைதான். ஆனால் றப்பருக்கு உரத்தையும் வெயிலைத் தாங்குகிற சக்தியையும் கொடுப்பது அந்தக் கரிதான். வண்டிகளின் ரயர் கறுப்பாக இருப்பது அழகுக்காக என்றா நினைத்தீர்கள்? அடுத்தது களிமண் பொடி. மலிவு, கலக்க இலகு, சாமானுக்குக் கனம் வரும், உரம் வராது. மூன்றாவது சிலிக்கா. மணலுக்கு இது உறவுதான், அதற்காகப் பக்கத்தில் இருக்கிற மண்கும்பான் மணலை அள்ளிக்கொண்டு வந்து கொட்டிவிட முடியாது. மணலைக் கரைத்து, திரும்பப் படியவைத்து, தூளிலும் தூளாகச் செய்து மூட்டையில் கட்டி அனுப்புகிறார்கள். வெள்ளை நிறத்தில் உரமான றப்பர் வேண்டுமென்றால் அதைத்தான் போடவேண்டும். ஆனால் அது காற்றில் இருக்கிற ஈரத்தையே உறிஞ்சிக்கொண்டு இருந்துவிடும்.

பட்டறையில் இந்தப் பெயர்களை யாரும் சொன்னதில்லை. வேலைக்கு வந்த பெண்கள் முதல் கிழமையிலேயே மூன்றுக்கும் பேர் வைத்துவிட்டார்கள்: கரி மா, மண் மா, வெள்ளை மா. சமைக்கிற குசினியில் ஒரு தகரப் பேணியில் அவித்த மாவும் ஒரு பேணியில் வறுத்த மாவும் வைத்திருக்கிற ஊரில் பொடியாக இருப்பதெல்லாம் மாதான். முதலாளி சிறீயும் அப்படித்தான் சொன்னார், நானும் வாய்க்கு இலகுவாக இருக்கிறதென்று அப்படியே சொன்னேன். இந்தப் பேரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதை இதில்தான் கிடக்கிறது.

என்னைப் பற்றியும் ஒரு சொட்டுச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு ஆட்கள் எல்லோரும் தெற்கில் கடை வைத்திருந்தவர்கள். கடைப்பக்கம் போகாமல் றப்பர்த் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்துக்குப் போனவள் நான் ஒருத்திதான். தலை நரைத்தபிறகு வேலணைக்குத் திரும்பி வந்து சும்மா இருந்தேன். சும்மா இருக்க எனக்குத் தெரியாது என்று யாரோ சிறீக்குச் சொல்லியிருக்கிறார்கள். வெளிநாட்டுச் சொந்தக்காரர்களின் உதவியோடு வீதியோரத்தில் இந்தப் பட்டறையை அப்போதுதான் போட்டிருந்தார். பம்புகளில் தண்ணீர் ஒழுகாமல் வைக்கிற வாசர், படகு இயந்திரத்துக்கு அடியில் வைக்கிற மெத்தை, இப்படிச் சின்னச் சாமான்கள் செய்தோம். எல்லாம் கறுப்பு.

ஒரு நாள் மத்தியானம் தவராசா வந்தார். தவம் என்றால் எல்லோருக்கும் தெரியும், குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குச் சனத்தை ஏற்றுகிற லோஞ்சுப் படகை ஓட்டுகிறவர். லோஞ்சின் விளிம்புக்கு வெள்ளை றப்பர் செய்து தரவேண்டும் என்றார். எனக்குச் சுள்ளென்று வந்தது. சோடனை செய்கிறதுக்கு இது பந்தல்காரரின் இடமில்லை, கரி போட்ட றப்பர்தான் கடல் வெயிலுக்கு நிற்கும், வெள்ளை கொஞ்சக் காலத்தில் வெடித்துப்போகும் என்று ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தேன். மனிதர் கதிரையில் இருந்தபடி நான் களைக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தன் தங்கச்சி மலருக்கு நடந்ததைச் சொன்னார்.

அந்த லோஞ்சில் எப்படி ஏறுவது என்று உங்களுக்குத் தெரியும். இறங்குதுறையின் சுவரிலிருந்து லோஞ்சின் விளிம்பைக் கையால் பிடித்து, அதன்மேல் ஒரு காலை வைத்து, உள்ளே இறங்கவேண்டும். சுவரில் மோதாமல் இருக்க அந்த விளிம்பில் பழைய ரயர்களைக் கட்டியிருந்தார்கள். நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் போகிற சனம், வெள்ளை வேட்டியும் நல்ல சேலையும். ரயரில் பட்டால் கரி பிரளும். முந்திய வருடத் திருவிழாவில் மலர் ஒரு கையால் சேலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, ரயரைத் தொடாமல், தாண்டிக் காலை வைத்திருக்கிறாள். ஒரு கைப்பிடியும் இல்லை. சோழகக் காற்றுக்கு லோஞ்சு ஒருதரம் விலகி, திரும்ப வந்து சுவரில் அடித்தது. கால் நடுவில் அகப்பட்டுப்போயிற்று. எலும்பு பொருந்திவிட்டது, ஆனால் நடை சாய்ந்துபோனது. அன்றைக்குப் பிறகு அவள் அண்ணனின் லோஞ்சில் ஏறவில்லை. வேறு எவருடைய லோஞ்சிலும் ஏறவில்லை. அம்மன் கோயிலை இக்கரையில் நின்று கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாளாம்.

“ஆக்கள் அதைப் பிடிச்சு, அதிலை சாய்ஞ்சு ஏறவேணும் அக்கா. கறுப்பெண்டால் எல்லாரும் விலத்தித்தான் கால் வைக்கீனம்,” என்றார் தவம். “இந்தமுறை கொடியேத்தத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போகவேணும். வாறன் எண்டு ஒரு மாதிரி ஒத்துக்கொண்டிட்டாள்.”

வெள்ளை ஏன் என்று எனக்கு விளங்கிவிட்டது. வெயிலுக்கு வெடிக்கத் தொடங்கினால் கழற்றிவிட்டுப் புதிதாகப் போடவேண்டும் என்று மட்டும் சொல்லி, அவர் தலையாட்டியபிறகு வேலையை ஒப்புக்கொண்டேன். சிறீ மண் மாவைப் போட்டால் சுகமாக முடியுமே என்று கேட்டுப் பார்த்தார். மண் மா போட்ட றப்பர் பார்க்க வெள்ளையாக இருக்கும், ஆனால் லோஞ்சு சுவரில் அடிக்கிற அடிக்கு ஆணி போட்ட இடத்தில் கிழிந்துவிடும். ஏறுகிற ஆள் காலை வைக்கிற நேரம் பார்த்துக் கிழிந்தால் போனவருடக் கதைதான் திரும்ப நடக்கும். சிலிக்காதான் என்று நான் பிடிவாதமாக நின்றேன், தெற்கிலிருந்து லொறியில் மூட்டைகள் வந்தன. அந்த மாதம் அங்கே அடை மழை.

கலவை உருளையில் நின்றவள் கலா. கலாவை உங்களுக்குத் தெரியும், அதிகம் பேசமாட்டாள், சொன்ன வேலையில் ஒரு குறை வைக்கமாட்டாள். அச்சில் முதல் துண்டுகள் வந்தபோது நானே வெட்டிப் பார்த்தேன். உள்ளே கீறின தேங்காய்ச் சொட்டுப்போல இறுக்கமாக இருந்தது. எனக்கும் சந்தோஷம், சிறீக்கு அதைவிடச் சந்தோஷம். பட்டறையின் பெயரைப் பொறித்த ஒரு தகடு செய்வித்து வந்து, அச்சுக்குள் வைக்கச் சொன்னார். அதற்குப் பிறகு வந்த துண்டுகளிலெல்லாம் பெயர் எழும்பி நின்றது. கோயிலுக்குப் போகிற சனமெல்லாம் எங்கள் பெயரில் கை வைத்துத்தான் ஏறப்போகிறது என்று போகிற வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கொடியேற்றத்துக்கு முதல்நாள் காலை எல்லாத் துண்டுகளும் குறிகட்டுவானுக்குப் போய், லோஞ்சில் பூட்டியாகிவிட்டது.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் சிறீ ஒரு யோசனையோடு வந்தார். மிஞ்சின துண்டு ஒன்று கிடக்கிறது, அதை நான் வெட்டிக் காட்டவேண்டும், தான் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வெளிநாட்டுச் சொந்தக்காரருக்கு அனுப்பவேண்டும். சேலையைச் சரிசெய்துகொண்டு போய் நின்றேன். பெயர் எழும்பின பக்கத்தை முதலில் காட்டச் சொன்னார், காட்டினேன். பிறகு கத்தியை வைத்து இழுத்தேன். துண்டு இரண்டாகப் பிரிந்தது. உள்ளே பாண் ரொட்டியை வெட்டினதுபோலக் கண் கண்ணாக ஓட்டை இருந்தது.

கைத்தொலைபேசி இன்னும் படம் பிடித்துக்கொண்டிருந்தது. ஈரம் ஏறின சிலிக்கா அச்சின் சூட்டில் ஆவி விடும். வெளித்தோல் இறுகிவிடும், உள்ளே ஓட்டைகள் நிற்கும். வெளியே பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அவ்வளவு அழகு. நாலு தரம் சுவரில் அடிபட்டால் ஆணியோடு பிய்ந்து கையோடு வரும்.

சிறீ முதலில் கேட்டது, “ஆர் இதைக் கலந்தது?” என்றுதான். கலாவும் மற்றப் பெண்களும் நிலத்தைப் பார்த்தார்கள். நானும் அதையேதான் கேட்க வாயெடுத்தேன், அதைவிட இரண்டு மடங்கு சத்தமாக. கேட்காமல் விட்டதற்குக் காரணம் ஒரு மனிதர்.

தெற்கில் நான் வேலை செய்த இடத்தில் ஒரு மேற்பார்வையாளர் இருந்தார், சிங்களவர். தன்னைப் பற்றிப் பேசுவது அவருக்குப் பிடிக்காது, ஆகையால் பேரைச் சொல்லவில்லை. ஒருமுறை நீர்க்குழாய்கள் வரிசையாகக் கொப்புளம் போட்டு வந்தன. மனேச்சர் ஓடிவந்து யார் யார் என்று நின்றார். கூடத்தில் இருந்த எல்லோரும் ஊமையாகிவிட்டோம். கடைசியில் ஒரு பாவப்பட்ட மனிதனைப் பிடித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். எந்தக் குழாய் பழுது, எது நல்லது என்று சொல்லத் தெரிந்த ஒரே ஆள் அவன்தான். அவன் போனபிறகு நல்லதும் பழுதும் கலந்து லொறியில் ஏறின, எங்கெங்கேயோ வெடித்தன. அதற்குப் பிறகு அந்த மேற்பார்வையாளர், பழுதான சாமான் கடைசித் துண்டுவரை பிரித்து முடியுமட்டும் யார் என்று கேட்க ஒருவரையும் விடமாட்டார். என்ன செய்தாய், எப்படிச் செய்தாய், செய்து காட்டு என்பார். திட்டுவதில் அவர் குறைந்த ஆள் இல்லை, காது கூசும். ஆனால் அதெல்லாம் கடைசியில்தான்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். சிறீயிடம் படம் பிடிப்பதை நிறுத்திவிட்டு, தவத்துக்கு அழைத்து, லோஞ்சில் ஒருவரையும் ஏற்றவேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். அவர் அசையவில்லை. அவரிலும் குறை சொல்ல ஏலாது. கோயில் வழிக்குச் செய்த முதல் வேலை, பட்டறையின் பெயர் வேறு அதில் எழும்பி நிற்கிறது. நாளைக் காலை கொடியேற்றம்.

“அக்கா, வெளியிலை ஒரு குறையும் தெரியேல்லை,” என்றார், குரல் இறங்கிப்போய். “திருவிழா முடியட்டும். பேந்து எல்லாத்தையும் கழட்டிப் புதுசு போட்டுக் குடுப்பம்.”

“நாளைக்கு அதிலை முதல் கால் வைக்கப்போறது தவத்தின்ரை தங்கச்சி,” என்றேன். அவர் அந்த வெட்டின துண்டை ஒருதரம் பார்த்துவிட்டு, வெளியே போய்த் தவத்துக்கு அழைத்தார்.

நான் கலாவின் பக்கம் திரும்பினேன். என் குரலை எனக்கே அடையாளம் தெரியவில்லை, அவ்வளவு பதமாக வந்தது. மூட்டை உடைத்த நேரத்திலிருந்து என்னென்ன செய்தீர், எனக்குச் செய்து காட்டும் என்றேன். அவள் என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மூட்டை அடுக்கியிருக்கிற இடத்துக்குப் போய், மேல் மூட்டையைக் கையால் அழுத்திக் காட்டினாள். அங்கிருந்து பின்வளவுக்குப் போனாள், நாங்கள் பின்னால் போனோம். வேலியோரத்தில் தறப்பாள் ஒன்று மடித்துக் கிடந்தது. அதன்மேல் ஒரு மா அரிதட்டு. அவளுடைய வீட்டு அரிதட்டு.

“பின்னாலை உடைச்ச மூட்டையள் கட்டிகட்டியா இருந்தது அக்கா. லொறியிலை நனைஞ்சிருக்கு,” என்றாள். “உங்களிட்டைச் சொன்னால் திருப்பி அனுப்புவியள், கொடியேத்தத்துக்கு முடியாது எண்டு நினைச்சனான். வெயில் நல்லா எறிச்சுது. மா கட்டிபட்டால் காயப்போட்டு அரிக்கிறதுதானே, அதைத்தான் செய்தனான்.”

சொல்லிவிட்டு, சத்தம் வராமல் அழத் தொடங்கினாள். அழுதுகொண்டே இன்னொன்றும் சொன்னாள். “ஒரு காகம்கூடக் கிட்ட வரேல்லை அக்கா. அப்பவே நான் யோசிச்சிருக்கவேணும்.”

அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். பாவம் பிள்ளை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கொதிக்கிற வெயிலில் குந்தியிருந்து, காகத்துக்குக் காவல் இருந்து, மூக்கைக்கூட மூடாமல் அத்தனை மூட்டையையும் அரித்திருக்கிறாள். கோதுமை மா என்றால் காய்ந்து மொறுமொறுவென்று வந்திருக்கும். இது அப்படியில்லை. கடற்காற்றில் பரப்பிவைத்தால் காற்றில் இருக்கிற ஈரம் முழுவதையும் குடித்துவிட்டுக் கிடக்கும். இதை அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள் எல்லோரும் மா என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

எந்தத் துண்டிலிருந்து அந்த மூட்டைகள் போகத் தொடங்கின என்று கேட்டேன். இதுதான் எனக்கு வேண்டிய கேள்வி. அது தெரியாவிட்டால் எல்லாவற்றையும் கழற்றவேண்டும், கழற்றினால் மலருக்குப் பிடித்து ஏறப் பழைய ரயர்தான் இருக்கும். அவள் திரும்பவும் இக்கரையில் நின்று கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாள். கலா கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். அதிகம் யோசிக்கவேண்டி இருக்கவில்லை.

“பேர்த் தகடு வைச்ச அண்டைக்குத்தான் முதல் மூட்டை காயப்போட்டு எடுத்தனான்,” என்றாள். “அதுக்கு முந்தினது எல்லாம் நல்ல மூட்டை.”

நாங்கள் திரும்ப உள்ளே போனபோது சிறீயும் அழைத்து முடித்துவிட்டு வந்தார். பெயர் எழும்பின துண்டெல்லாம் பழுது, பெயரில்லாத துண்டெல்லாம் நல்லது என்று அவருக்குச் சொன்னேன். மனிதர் தலையில் கையை வைத்துக்கொண்டு மூட்டையின்மேல் இருந்துவிட்டார்.

ஓட்டோவில் புறப்பட்டோம். கலாவும் வந்தாள், வரவேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. புங்குடுதீவுப் பாலத்தில் காற்று ஓட்டோவைப் பிடித்து ஆட்டியது. குறிகட்டுவானில் தவம் லோஞ்சின் விளிம்பைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். வெள்ளை றப்பர் நீளத்துக்குப் பளிச்சென்று இருந்தது. அதைப் பார்த்ததும் என் கால் பின்னுக்கு இழுத்தது, உண்மையைச் சொன்னால். சிறீ எனக்கு முன்னால் இறங்கிப்போய், வெட்டின துண்டைத் தவத்தின் கையில் கொடுத்து, உள்ளதை உள்ளபடி சொன்னார். அதற்காக அவரை நான் இன்றைக்கும் மதிக்கிறேன்.

தவம் அந்தத் துண்டைப் பிரட்டிப் பிரட்டிப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

“நாளைக்குக் கொடியேத்தம். இண்டைக்கு வந்து சொல்லுறியள்,” என்றார். “அவள் சேலை எடுத்து வைச்சிட்டாள். நான் என்னெண்டு போய்ச் சொல்லுறது?”

பெயரில்லாத துண்டுகள் நல்லவை, அவற்றை ஆட்கள் ஏறுகிற பக்கத்துக்கு மாற்றிப் பூட்டலாம் என்றேன். நல்லது என்று எப்படி நம்புவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. கலா சொன்னதை நான் நம்பினேன், ஆனால் என் நம்பிக்கையின்மேல் இன்னொருத்தியின் காலை வைக்க முடியாது. பெயரில்லாத ஒன்றைக் கழற்றித் தாருங்கள், வெட்டிப் பார்ப்போம் என்றேன். ஏறுகிற இடத்துக்குத் துண்டுகள் போதாமல் போய்விடுமோ என்று தவம் தயங்கினார். பிறகு ஆணி கழற்றுகிற சாவியை எடுத்துத் தானே கழற்றினார்.

இறங்குதுறைச் சுவரில் வைத்துக் கத்தியைப் போட்டேன். கலா மறுபக்கம் திரும்பிக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கத்தி சுலபத்தில் இறங்கவில்லை, அதிலேயே எனக்குப் பாதி உயிர் வந்துவிட்டது. முழுக்க வெட்டி விரித்துக் காட்டினேன். உள்ளே ஒரு கண்ணும் இல்லை. தவம் விரலால் தடவிப் பார்த்தார், நகத்தால் கீறிப் பார்த்தார், பிறகு மற்ற ஆணிகளைக் கழற்றத் தொடங்கினார். சிறீ வெளிநாட்டுச் சேட்டின் கையை மடித்துவிட்டுக்கொண்டு பக்கத்தில் போய்க் குந்தினார். பட்டறையின் பெயர் இருந்த துண்டுகளைத் தன் கையாலேயே கழற்றி ஓட்டோவில் போட்டார். ஆட்கள் ஏறுகிற இடத்துக்கு நல்ல துண்டுகள் மட்டுமட்டாகப் போதுமாக இருந்தன. முன்னுக்கும் மறுபக்கத்துக்கும் பழைய ரயர்களைத் திரும்பக் கட்டினோம். பொழுது படுகிற நேரம் வேலை முடிந்தது. லோஞ்சைப் பார்க்க அரைச் சோடனையோடு விட்ட தேர்போல இருந்தது.

திரும்பி வருகிற வழியில் கலாவை அவளுடைய வீட்டுப் படலையில் இறக்கிவிட்டோம். அவள் உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இவளை என்ன செய்வது என்று சிறீ கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, களைத்துப்போய்க் கேட்டார். நான் பதிலுக்கு, அந்த மூட்டையில் இருந்தது என்ன என்று அவரிடம் கேட்டேன்.

“வெள்ளை மா,” என்றார். சொன்னதைத் தன் காதால் கேட்டுவிட்டு, என்னைப் பார்த்தார். “விளங்குது அக்கா,” என்றார். அதோடு அந்தக் கதை முடிந்தது. திட்டு எதுவும் மிஞ்சியிருக்கவில்லை, யாருக்கென்று திட்டுவது?

அடுத்தநாள் விடிய நானும் கலாவும் குறிகட்டுவானில் நின்றோம். என்னைக் கேட்டால் நான் அம்மனைக் கும்பிடப் போனேன் என்றுதான் சொல்லுவேன். சனம் நிறைந்து நின்றது, காற்று முதல்நாளைவிடக் கடுமை. கலா முதலில் லோஞ்சுக்குள் இறங்கி, விளிம்போரமாக நின்று, ஒவ்வொரு துண்டாக அழுத்தி இழுத்துப் பார்த்தாள். பிறகு அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

மலர் வந்தாள். இளநீலச் சேலை. சாய்ந்து சாய்ந்து நடந்து சுவரின் ஓரம்வரை வந்து நின்றுவிட்டாள். பழைய பழக்கத்தில் ஒரு கையால் சேலையை ஒதுக்கிப் பிடித்திருந்தாள். தவம் வா என்று சொல்லவில்லை, கையையும் நீட்டவில்லை, கயிற்றைப் பிடித்தபடி வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் நின்ற சனம் தள்ளத் தொடங்கியது, நான் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன், தள்ளு நின்றது.

மலர் குனிந்து ஒற்றை விரலால் றப்பரைத் தொட்டாள். விரலைத் திருப்பிப் பார்த்தாள். இன்னொருதரம் தொட்டாள். பிறகு பிடித்திருந்த சேலையை விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் றப்பரில் ஊன்றி, அந்தக் காலைத் தூக்கி விளிம்பில் வைத்தாள். சரியாக அந்த நேரம் லோஞ்சு விலகி, வந்து சுவரில் அடித்தது. றப்பர் அமுங்கி, திரும்ப நிமிர்ந்தது. அவளுடைய கை அதை விடவில்லை. அடுத்த காலையும் எடுத்து வைத்து உள்ளே இறங்கிவிட்டாள்.

தவம் முகத்தைத் துவாயால் துடைத்தார். மலர் லோஞ்சின் வாங்குப் பலகையில் இருந்துகொண்டு, உள்ளங்கை இரண்டையும் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற கலாவுக்கு அவற்றைத் தூக்கிக் காட்டினாள்.

“ஒண்டும் பிரளேல்லை, பாரும்,” என்றாள். “வெள்ளை மா போட்டுச் செய்ததெண்டு அண்ணை சொன்னவர். என்ன மா பிள்ளை அது?”

கலா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய இரண்டு கைகளும் இன்னும் அந்த றப்பரைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தன.

“அது மா இல்லை அக்கா,” என்றாள்.